பொகவந்தலாவ கல்லறையும் லண்டன் படக்கடையும்

 

கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு தேத்தண்ணியை ஊற்றி வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

வரலாற்றுப் பாடத்தில் கோல்புறூக் – கமரன் சீர்திருத்தம் வரும். 1833, இராஜகாரிய ஒழிப்பு, 5 மாகாணம், சட்டசபை. நம் பிள்ளைகள் பாட்டுப் போலப் பாடமாக்கி வைத்திருப்பார்கள். போன தவணை அதைப் படிப்பித்துக்கொண்டிருந்தபோது பின்வாங்கில் இருக்கும் ஒரு பிள்ளை கேட்டாள்: "சேர், இந்தக் கமரன் பொறகு என்ன ஆனாரு?"

"பொகவந்தலாவையில இருக்காரு" என்றேன். வகுப்பே சிரித்தது. நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்தார்கள்.

பகிடி இல்லை. பொகவந்தலாவ சென் மேரிஸ் தேவாலயத்தின் வளவில் அவருடைய கல்லறை இருக்கிறது. அவருடைய மனைவியின் கல்லறையும் அங்கேதான். டயகமவிலிருந்து பார்த்தால் மலைக்கு அந்தப் பக்கம். நான் போனது பஸ்ஸில், தலவாக்கலை, ஹட்டன், டிக்கோயா, நோர்வூட் என்று ஒரு சுற்று. வளவில் நின்றபோது ஒன்று விளங்கியது. உலகத்தில் படம் பிடிக்கும் கலையைப் படிக்கிறவர்கள் அந்தக் கல்லறைக்கு வருவது கமரனைப் பார்க்க அல்ல, அவர் மனைவியைப் பார்க்க. நம் பாடப்புத்தகத்தில் கணவர் இருக்கிறார். லண்டன் நூதனசாலையில் இருப்பவர் மனைவி.

ஜூலியா மார்கரெட் கமரன். 1815ல் கல்கத்தாவில் பிறந்தவர். தகப்பன் கிழக்கிந்தியக் கம்பனி உத்தியோகத்தர். 1838ல் அங்கேயே சார்ள்ஸ் ஹே கமரனைக் கல்யாணம் செய்தார். கமரன் அவரைவிட 20 வயது மூத்தவர். இலங்கை நீதிமன்ற முறை பற்றிய அறிக்கையை எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு இந்தியாவில் சட்ட ஆணைக்குழுவில் வேலை பார்த்தவர். 1848ல் குடும்பம் இங்கிலாந்துக்குப் போனது. அதற்குப் பிறகு கமரனுக்கு உத்தியோகம் இல்லை. இருந்தது இலங்கையில் வாங்கிப் போட்ட காணி. கோப்பிக் காணி.

இந்த இடத்தில் ஒரு சின்ன விசயம், ஆனால் எனக்கு மயிர்க்கூச்செறிந்த விசயம். 1860ல் இந்தக் குடும்பம் இங்கிலாந்தின் தெற்கே வைட் தீவில் கடலோரமாக வீடு வாங்கியது. அந்த வீட்டுக்கு வைத்த பேர் டிம்போலா. இலங்கையில் தங்களுக்கிருந்த தோட்டத்தின் பேரைத்தான் கொண்டுபோய் வைத்தார்கள். திம்புள்ள! நம்ம திம்புள்ள. டயகம, அக்கரப்பத்தனை, லிந்துல, தலவாக்கலை என்று இந்தப் பக்கத்துத் தேயிலைக்கெல்லாம் ஏலத்தில் இன்றும் எந்தப் பேரோ, அந்தப் பேர். அந்த வீடு இப்போது ஒரு நூதனசாலை. அங்கே போகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்தச் சொல் எங்கிருந்து போனது என்று தெரியும், சொல்லுங்கள்.

கெமரா அவர் கைக்கு வந்த கதையிலும் கோப்பி இருக்கிறது. 1863 டிசம்பரில் கணவர் தோட்டங்களைப் பார்க்க இலங்கைக்கு வந்துவிட்டார். தாய் தனியாக இருக்கிறாரே, பொழுதுபோகட்டும் என்று மகளும் மருமகனும் ஒரு கெமராவை வாங்கிக் கொடுத்தார்கள். அப்போது அவருக்கு வயது 48. 48 வயதில் ஒரு பொம்பளை புதுத் தொழில் தொடங்குவதை இன்றைக்கே நம் ஊரில் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். அது 1863.

அந்தக் காலத்துப் படம்பிடிப்பு இப்போது போன் எடுத்துத் தட்டுவது போல இல்லை. கண்ணாடித் தட்டு ஒன்றில் கொலோடியன் என்ற பசையை ஊற்றிச் சாய்த்துச் சாய்த்துப் பரப்ப வேண்டும். பிறகு வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் அமிழ்த்த வேண்டும். ஈரம் காய முதல் கெமராவில் வைத்துப் படமெடுத்து, ஈரம் காய முதல் இருட்டறையில் கழுவியும் முடிக்க வேண்டும். உட்கார்ந்திருப்பவர் நிமிடக்கணக்கில் ஆடாமல் அசையாமல் இருக்க வேண்டும். வெள்ளி நைத்திரேற்று பட்டால் கை கறுத்துவிடும், லேசில் போகாது. கோழிக்கூட்டைக் கண்ணாடி அறையாக்கினார், நிலக்கரி போட்டு வைத்த அறையை இருட்டறையாக்கினார். கோழிகளைத் திறந்து விட்டுவிட்டார் என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். 1864 ஜனவரியில் ஆனி என்ற சிறுமியின் படம் சரியாக வந்தது. தன் முதல் வெற்றி என்று அதைச் சொன்னார்.

அங்கிருந்து தொடங்குகிறது நான் சொல்ல வந்த கதை: படக்கடையும் கடிதமும்.

லண்டனில் பால் மால் தெருப் பக்கம் கொல்னாகி என்று ஒரு படக்கடை. 1760ல் தொடங்கியது. ஓவியங்களும் செதுக்குப் பிரதிகளும் விற்கிற பெரிய இடம். கெமரா கிடைத்து ஒரு வருசம்கூட ஆகவில்லை, அந்தக் கடைக்காரர்களோடு பேசித் தன் படங்களை அங்கே விற்க ஏற்பாடு செய்துவிட்டார் இந்த அம்மா. 1865ல் அங்கேயே கண்காட்சியும் நடந்தது. இன்றைக்கு அவருடைய படங்களின் மட்டையைப் பார்த்தால் கீழே அழுத்திப் பதித்த கொல்னாகி முத்திரை தெரியும். பக்கத்தில் அவர் கையெழுத்து. நேரில் கண்டு எடுத்தது, பதிவு செய்யப்பட்டது, உரிமை என்னுடையது என்ற குறிப்பு.

அந்த 'பதிவு' என்ற சொல்லைக் கவனியுங்கள். 1862ல்தான் இங்கிலாந்தில் போட்டோவுக்கும் பதிப்புரிமை கொடுக்கும் சட்டம் வந்தது. ஒரு படத்துக்கு ஒரு படிவம், ஒரு சிலிங் கட்டணம். படத்தில் யார், எப்படி இருக்கிறார் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். கமரன் அம்மா 500க்கு மேற்பட்ட படங்களை அப்படிப் பதிந்தார். ஏனென்றால் கடையில் ஒரு பொருள் போகவேண்டுமென்றால் அதற்குப் பேர் வேண்டும். டென்னிசன் படம், கார்லைல் படம், ஹேர்ஷல் படம் என்று பேரைச் சொல்லித்தான் ஆட்கள் கேட்டு வாங்கினார்கள். பேர் இல்லாத முகம் விலைப்படாது. விலைப்பட வேண்டுமென்றால் அதற்கு ஒரு கதையாவது வேண்டும்.

அவர் எழுதின கடிதங்களைப் பற்றிச் சொல்லாவிட்டால் அவரைப் பற்றிச் சொன்னதாகாது. ஓயாமல் எழுதுகிற கை. விஞ்ஞானி ஹேர்ஷலுக்கு எழுதினார். கவிஞர்களுக்கு எழுதினார். முக்கியமாக லண்டன் தென் கென்சிங்டன் நூதனசாலையின் பணிப்பாளர் ஹென்றி கோலுக்கு எழுதினார். கோல் வியாபாரி இல்லை. ஆனால் கடையும் நூதனசாலையும் அவருக்கு ஒரே ஏணியின் இரண்டு படி. 1865ல் அந்த நூதனசாலை அவருடைய படங்களை விலைக்கு வாங்கியது, அதே வருசம் காட்சிக்கும் வைத்தது. அவர் உயிரோடு இருந்த காலத்தில் ஒரு நூதனசாலை அவர் படங்களைக் காட்டியது அந்த ஒரு தடவைதான். அடுத்த வருசம் கோலுக்கு எழுதுகிறார்: புதிதாக எடுத்த படங்கள் உங்களைச் சந்தோசத்தில் துள்ள வைக்கும், உலகத்தையே திடுக்கிட வைக்கும் என்று. அடக்கம் அவருக்கு வராத ஒன்று. எனக்கு அது பிடித்திருக்கிறது.

1868ல் கோல் நூதனசாலையிலேயே இரண்டு அறைகளைப் படம்பிடிக்கக் கொடுத்தார். அந்த நேரத்துக் கடிதத்தில் அவர் சொன்ன ஒரு விசயத்தை நான் பல நாள் யோசித்திருக்கிறேன். பேரும் வேண்டும், காசும் வேண்டும். பிள்ளைகளைப் படிக்கவைக்க வேண்டிய ஒரு பெண் வெறும் புகழைச் சாப்பிட்டு வாழ முடியாது என்கிறார்.

பெரிய வீட்டு அம்மாவுக்கு என்ன காசுக் கஷ்டம் என்று நினைக்கலாம். கஷ்டம் இருந்தது. 5 ஆண்பிள்ளைகள். கணவருக்குச் சம்பளம் இல்லை. வருமானம் கடல் தாண்டி, இந்த மலைகளில் விளைகிற கோப்பியில் இருந்தது. கோப்பி விலை போனால் அங்கே அடுப்பெரியும். போகாவிட்டால் கடன். வங்கிக்காரரான ஓவர்ஸ்டன் பிரபு கணவரின் சிநேகிதர், கடன் கொடுத்து உதவியவர். 1865ல் அவருக்கு ஒரு முழு அல்பத்தையே அன்பளிப்பாகக் கொடுத்தார். அது இப்போது அமெரிக்காவில், கெட்டி நூதனசாலையில் இருக்கிறது. கடன் கொடுத்தவருக்கு நாம் ஒரு தார் வாழைப்பழம் கொண்டுபோய்க் கொடுப்பது போலத்தான்.

1869ஐக் கொஞ்சம் நிறுத்திப் பார்ப்போம். அந்த வருசம் கோலுக்கு இன்னொரு கடிதம். தன்னுடைய அருமையான கண்ணாடித் தட்டுகளில் 45 தட்டு பாழாகிவிட்டது, படலம் வெடித்து மயிரிழை போலக் கோடு கோடாகப் போகிறது என்று அழாத குறையாக எழுதுகிறார். தட்டு போனால் அதிலிருந்து இனிப் பிரதி எடுக்க முடியாது. பிரதி இல்லையென்றால் கடைக்குக் கொடுக்கச் சரக்கு இல்லை. ஈரமான கடல் காற்றுத்தான் காரணம் என்று அந்தக் காலத்து ஆட்கள் பேசிக்கொண்டார்கள்.

அதே 1869ல்தான் இலங்கையில், மடுல்சீமைப் பக்கத்தில், கோப்பி இலையின் அடியில் மஞ்சள் தூளாக ஒரு நோய் கண்டுபிடிக்கப்பட்டது. கோப்பித் துரு. பத்துப் பதினைந்து வருசத்தில் இந்த மலைகளில் இருந்த கோப்பியை அது துடைத்தெறிந்தது. அதற்குப் பிறகுதான் தேயிலை, அதற்குப் பிறகுதான் இன்றைய டயகம. ஆக, ஒரே வருசத்தில் அந்த அம்மாவின் கண்ணாடித் தட்டிலும் நோய், கோப்பி இலையிலும் நோய். அவருக்கு இரண்டாவது செய்தி எப்படிப் போய்ச் சேர்ந்திருக்கும் என்று யோசித்தால், அதுவும் கப்பல் கடிதமாகத்தான் இருந்திருக்கும்.

கொல்னாகி கடையில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லாமல் போக மனமில்லை. மேரி ரயன் என்று ஓர் ஐரிஷ் பிள்ளை. தாயோடு பிச்சை கேட்டுத் திரிந்த சிறுமியை இந்த அம்மா வீட்டுக்குக் கூட்டிவந்து வளர்த்தார், படிப்பித்தார், வீட்டு வேலைக்கும் வைத்துக்கொண்டார், படத்துக்கும் உட்காரவைத்தார். 1865ல் லண்டன் கண்காட்சியில் அந்தப் பிள்ளை படங்களைப் பார்த்துக்கொள்ள நின்றாள். ஹென்றி கொட்டன் என்ற இளைஞர் வந்தார். சுவரில் அவள் படம். சுவருக்குப் பக்கத்தில் அவளே. அவள் இருக்கிற படங்களையெல்லாம் வாங்கினார். அவள் கையால் எழுதின பில்லை நெஞ்சோடு வைத்துக்கொண்டார் என்பார்கள். 1867ல் கல்யாணம். அந்தக் கொட்டன் பிறகு வங்காளத்தில் பெரிய சிவில் உத்தியோகத்தராகி, 1904ல் இந்திய தேசிய காங்கிரசுக்கே தலைவராக இருந்தார். பிச்சை கேட்ட பிள்ளை சீமாட்டியானாள்.

அழகான கதை. எனக்கும் பிடிக்கும். ஆனால் இந்தக் கதை நமக்குத் தெரிவதற்கு என்ன காரணம்? மேரி ரயன் என்ற பேர் எழுதப்பட்டிருந்தது. அந்த வீட்டு வேலைக்காரப் பெண் மேரி ஹில்லியர் பேரும் எழுதப்பட்டிருக்கிறது. மாதா வேசத்தில் அவரை எத்தனை தடவை உட்காரவைத்தார் என்று எண்ணிச் சொல்லக்கூடிய அளவுக்குக் கணக்கு இருக்கிறது. வேலைக்காரியாக இருந்தாலும் படம் கடைக்குப் போனது, பதிவுக்குப் போனது, கடிதத்தில் வந்தது. அதனால் பேர் பிழைத்தது.

இனி இங்கே வருவோம்.

1875 அக்டோபரில் கமரன் குடும்பம் மூட்டை கட்டிக்கொண்டு இலங்கைக்குக் கிளம்பியது. இங்கிலாந்துச் செலவு கட்டுப்படியாகவில்லை, பிள்ளைகள் இங்கே உத்தியோகத்திலும் தோட்டத்திலும் இருந்தார்கள், கிழவருக்கு இந்த நாட்டின் மேல் தீராத ஆசை. கப்பலில் ஒரு பசுமாட்டை ஏற்றினார்கள். இரண்டு சவப்பெட்டியும் ஏற்றினார்கள், அதற்குள் சாமான் அடைத்து. போகிற இடத்தில் நல்ல பெட்டி கிடைக்குமோ தெரியாது என்ற முன்யோசனை. சவுதாம்ப்டன் துறைமுகத்தில் சாமான் தூக்கினவர்களுக்குக் கொடுக்கக் காசில்லாமல், காசுக்குப் பதிலாகப் படங்களைக் கொடுத்தார் என்று ஒரு கதை உண்டு. அந்தப் படத்தை வீட்டில் வைத்திருந்தால் அந்தப் போர்ட்டர்களின் பேரப்பிள்ளைகள் இன்றைக்குக் கோடீஸ்வரர்கள்.

கிளம்ப முதல் ஒரு காரியம் செய்தார். லண்டனில் ஓட்டோடைப் கம்பனி என்ற நிறுவனத்திடம் சுமார் 70 தட்டுகளுக்கு மங்காத கார்பன் பிரதி எடுக்க ஏற்பாடு செய்தார். தான் இல்லாவிட்டாலும் விற்பனை நிற்கக் கூடாது என்ற கணக்கு. கெட்டிக்காரி.

இங்கே பெரும்பாலும் களுத்துறையில், சிவில் சேவையில் இருந்த மகனோடு இருந்தார். கெமராவையும் கொண்டுவந்திருந்தார். ஆனால் வெக்கையும் ஈரமும் கொலோடியனுக்கு ஆகாது. மருந்துகள் கப்பலில் வர வேண்டும். சுத்தமான தண்ணீர் வேண்டும். முந்தி போல எடுக்க முடியவில்லை. 4 வருசத்தில் எடுத்ததில் இன்று உலகத்தில் மிஞ்சியிருப்பது 30க்கும் குறைவு.

அந்தப் படங்களில் யார்? வீட்டு வேலைக்காரர்கள், களுத்துறைக் கிராமத்து ஆட்கள், தோட்டத் தொழிலாளர்கள். நம்மவர்கள் என்று நான் சொல்வது இவர்கள் எல்லோரையும்தான், சிங்களவர் தமிழர் என்று பிரித்து அல்ல. தலைப்பு என்ன தெரியுமா? சிங்களப் பெண். இளம் பெண், இலங்கை. தோட்டத் தொழிலாளர். அவ்வளவுதான். டென்னிசனைப் பிடித்த அதே கண், அதே வெளிச்சம், அதே நெருக்கம். பேர் மட்டும் இல்லை.

1878ல் எடுத்த ஒரு படம் இருக்கிறது. ஒரு சிறுமி, ஒரு வயசான மனிதர், இன்னொரு பெண். களுத்துறைக் குடியானவர்கள் என்று எழுதிவிட்டு, கீழே தன் கையெழுத்தில் ஒரு குறிப்பும் சேர்த்திருக்கிறார்: சிறுமிக்கு 12 வயது, கிழவர் தான்தான் அவளுக்குத் தகப்பன் என்கிறார், தனக்கு 100 வயது என்றும் சொல்கிறார். பாருங்கள், அந்தக் கிழவரோடு பேசியிருக்கிறார். வயதைக் கேட்டிருக்கிறார். உறவைக் கேட்டிருக்கிறார். கிழவர் சொன்ன கணக்கை அவர் முழுதாக நம்பவில்லை என்பதும் அந்த எழுத்தில் தெரிகிறது. பேரை மட்டும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எழுதவில்லை.

1877 அளவில் மரியான் நோர்த் என்ற ஓவியர் களுத்துறைக்கு வந்து தங்கினார். மரம் செடி வரைகிறவர். அவரைக் கண்டதும் இந்த அம்மாவுக்குத் தாங்கவில்லை. துணியைச் சுற்றி, தலைமுடியை அவிழ்த்துவிட்டு, தென்னோலைக்கு முன்னால் நிறுத்திப் படமெடுத்தார். அந்த வெயிலில்! நோர்த் பின்னாளில் இதைச் சிரித்துக்கொண்டே எழுதினார். அவர் எழுதின இன்னொரு விசயம்: ஓர் ஆளின் முதுகு அழகாக இருக்கிறது என்பதற்காக அவரைத் தோட்டக்காரனாக வைத்துக்கொள் என்று மகனைப் பிடிவாதம் பிடித்தாராம். அந்த வீட்டில் தோட்டமும் இல்லை, அந்த ஆளுக்குத் தோட்டக்காரன் என்றால் என்னவென்றும் தெரியாது. நோர்த்தின் பேர் படத்தில் இருக்கிறது. அந்த மனிதருடைய முதுகு மட்டும் புத்தகத்தில் இருக்கிறது.

நான் அந்த அம்மாவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வரவில்லை. அவரை எனக்குப் பிடிக்கும் என்று முன்னமே சொல்லிவிட்டேன். அவர் காலத்து ஆட்களோடு ஒப்பிட்டால் அவர் எவ்வளவோ மேல். அதே காலத்தில் கொழும்பில் ஸ்கீன், கண்டியில் ஸ்கோவன் என்று போட்டோக் கடைகள் இருந்தன. பிறகு 1890ல் பிளாட்டே வந்தது. வெள்ளைக்காரப் பயணிகளுக்குத் தமிழ்க் கூலி, தமிழ்ப் பெண், கொழுந்தெடுக்கும் பெண்கள் என்று படங்களை டசின் கணக்கில் விற்றார்கள். அந்தப் படங்களில் நம் பாட்டிமார் பொருட்காட்சிச் சாமான் மாதிரி வரிசையாக நிற்பார்கள். கமரன் அம்மா எடுத்தவர்கள் அப்படி இல்லை. அவர்கள் எதையோ யோசிக்கிறார்கள். முகத்தில் ஆள் இருக்கிறது.

அப்படியிருந்தும் பேர் இல்லாமல் போனது ஏன் என்பதுதான் என் கேள்வி. எனக்குப் படுகிற பதில் இதுதான். இங்கே எடுத்த படங்களுக்கு ஒரு கொல்னாகி இல்லை. யாருக்கும் கடிதம் எழுதி, இது இன்னாருடைய படம், இன்ன விலை, சுவரில் நல்ல இடத்தில் மாட்டுங்கள் என்று கேட்க வேண்டிய தேவை இல்லை. ஒரு சிலிங் கட்டிப் படிவம் நிரப்ப வேண்டியதில்லை. லண்டனில் வேலைக்காரிக்குக்கூடப் பேரைக் காப்பாற்றிக் கொடுத்தது அன்பு மட்டும் இல்லை, வியாபாரத்தின் காகிதமும்தான். அந்தக் காகிதம் இங்கே வரவில்லை.

இங்கே நம் ஆட்களின் பேர் எந்தக் காகிதத்தில் இருந்தது? துண்டில் இருந்தது. பெரியவர்களுக்குத் தெரியும், இளம் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். ஒரு கங்காணி தன் ஆட்களோடு ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால், பழைய தோட்டத்துத் துரையிடம் துண்டு வாங்க வேண்டும். இத்தனை ஆட்கள், இவ்வளவு கடன், அதைக் கட்டினால் இவர்களை விடுவிக்கிறேன் என்று எழுதின சீட்டு. அந்தச் சீட்டைக் காட்டி அடுத்த துரையிடம் காசு வாங்கிப் பழைய கடனைக் கட்டுவார்கள். கடன் ஆளோடு சேர்ந்து தோட்டம் மாறும். 1921ல் சட்டம் போட்டுத்தான் அதை நிறுத்தினார்கள். ஓவர்ஸ்டன் பிரபுவிடம் கடன்பட்டவர்கள் அல்பம் கொடுத்தார்கள். அவர்களுடைய கோப்பியைப் பறித்தவர்கள் பட்ட கடனுக்குத் துண்டு எழுதப்பட்டது. ஒரே தோட்டத்து இரண்டு கடன்.

1878ல் ஒரு தடவை இங்கிலாந்துக்குப் போய்த் திரும்பினார். திரும்பிக் கொஞ்ச காலம்தான். 1879 ஜனவரி 26, டிக்கோயாப் பள்ளத்தாக்கில் கிளென்கேன் தோட்டத்து பங்களாவில் மௌத்தானார். அப்போது ரயில் நாவலப்பிட்டி வரைதான், 1874ல் வந்தது. ஹட்டனுக்கு ரயில் வர இன்னும் 5 வருசம் இருந்தது. வெள்ளை மாடு பூட்டின வண்டியில் மலைப்பாதையால் மையத்தைப் பொகவந்தலாவைக்குக் கொண்டுபோனார்கள் என்று சொல்லப்படுகிறது. கணவர் அடுத்த வருசம், 1880 மே மாதம். அந்த அம்மா தன் கடைசி நேரத்தில் யன்னலால் வெளியே பார்த்து 'அழகு' என்று ஒரு சொல் சொன்னார் என்று குடும்பத்தார் சொல்லி வைத்தார்கள். வண்டியை ஓட்டினவர் யார், குழி வெட்டினவர் யார் என்று சொல்லி வைக்க ஆளில்லை.

அவருடைய சகோதரியின் பேத்திதான் வேர்ஜினியா வூல்ஃப், பெரிய ஆங்கில எழுத்தாளர். அவர் 1926ல் இந்தப் படங்களைப் புத்தகமாகப் போட்டார். வேர்ஜினியாவின் கணவர் லெனார்ட் வூல்ஃப் இங்கே யாழ்ப்பாணம், கண்டி, அம்பாந்தோட்டை என்று உத்தியோகம் பார்த்தவர். இந்தக் குடும்பத்துக்கும் இந்த நாட்டுக்கும் என்னதான் முடிச்சோ. அது ஒரு தனிப் பதிவுக்கு உரியது.

வகுப்புக்குத் திரும்புகிறேன். இதையெல்லாம் சொன்ன பிறகு பிள்ளைகளிடம், வீட்டில் இருக்கிற பழைய போட்டோ ஒன்றைக் கொண்டு வாருங்கள் என்றேன். 31 பிள்ளைகளில் 12 பேர் கொண்டு வந்தார்கள். மற்ற வீடுகளில் இல்லை, அல்லது லயத்தில் ஒழுகின தண்ணீரில் போய்விட்டது. வந்த 12ல் 9 படத்தின் பின்பக்கம் ஸ்டூடியோவின் முத்திரையும் நம்பரும் இருந்தன. பேர் எழுதியிருந்தது ஒன்றே ஒன்றில்தான்.

அதில் ஒரு படம். லயத்து வாசலில் 14 பேர். சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியாவுக்குக் கப்பலேறப் போகிற குடும்பமும், இங்கேயே நிற்கப் போகிற குடும்பமும் சேர்ந்து எடுத்த படம். டவுனிலிருந்து போட்டோக்காரரைக் கூட்டிவந்திருக்கிறார்கள். பின்னேரம் அந்தப் பிள்ளையோடு அவள் அப்பாயியைப் பார்க்கப் போனேன். பென்சிலோடு.

"உக்காருங்க மாஸ்டர்" என்று முக்காலியைத் தட்டிப் போட்டார். கண் சரியாகத் தெரியாது. படத்தை யன்னல் பக்கம் பிடித்து ஒவ்வொரு முகமாக விரலை வைத்துக்கொண்டே போனார். இது எங்கண்ணன். இது அண்ணி. இது கடைசித் தம்பி, மண்டபத்தில இறங்கினதும் காய்ச்சல்ல போயிட்டான். இது நான். நான் ஒவ்வொரு பேராகப் பின்னால் எழுதினேன். 13 பேர் முடிந்தது. அண்ணியின் கையில் துணியில் சுற்றின ஒரு பச்சைப்பிள்ளை.

"இதுக்குப் பேரு?"

"பொறந்து பதினாறு நாளு மாஸ்டர். பேரு வைக்காமலேதான் போனாங்க. அங்க போயி வச்சு எழுதுறோம்னு சொன்னாங்க."

"எழுதினாங்களா அப்பாயி?"

"எழுதினாங்க. கோத்தகிரில இருந்து கடுதாசி வந்துச்சு. பேரு போட்டிருந்துச்சு. எங்க வீட்டுக்காரர்தான் வாசிச்சுக் காட்டுனாரு. நல்ல பேரு." கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தக் கடுதாசிய எங்க வச்சேன்னுதான் தெரியல."

பதினாலாவது இடத்தில் ஒரு கோடு மட்டும் போட்டுவிட்டு வந்தேன். அப்பாயியிடம் கேட்டு, அந்தப் படத்தை முதல் கமெண்டில் போட்டிருக்கிறேன். பெண்பிள்ளை. இப்போது 50 வயதைத் தாண்டியிருக்கும். கோத்தகிரிப் பக்கம் சொந்தம் இருக்கிறவர்கள் பார்த்து, தெரிந்தால் எனக்கு இன்பொக்ஸில் எழுதுங்கள்.